வீட்டில் படிக்கும் பிள்ளையையும் உங்கள் பதிவேட்டில் சேருங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலர், இயக்குநர்கள், அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்படி நான் சொல்கிறேனே தவிர, அரசின் எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆறாம் வகுப்பு வரை எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தபடி, ஒரு தனியார் நிறுவனத்தின் ஆன்லைன் வகுப்பில் படிக்கிறாள். பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. நான் பனியன் கம்பெனிக்கு வீட்டிலேயே பீஸ் தைத்துக் கொடுக்கிறேன்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர் அரசுக்கு எழுதினால், "எங்களை எங்கள் போக்கில் விடுங்கள், தலையிடாதீர்கள்" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். நான் கேட்பது வேறு. தலையிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பிள்ளையின் நோட்டைப் பாருங்கள், அவளிடம் தனியாகப் பேசுங்கள், பரீட்சை வையுங்கள். அவள் அரசுப் பள்ளி மாணவியாகவே இருக்க வேண்டும், உடம்பு மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்று கேட்கிறேன்.

ஏன் வீட்டில் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சிறார் மூட்டுவாதம். மூட்டுவாதம் வயதானவர்களின் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அது வரும். அவளுக்கு மணிக்கட்டில் தொடங்கி முழங்காலுக்கும் பரவியது. இந்த நோய் காலையில்தான் அதிகம் படுத்தும். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டுகள் விடியும்போது இறுகிப் போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி, அவள் பிரஷ்ஷைப் பிடித்துப் பல் தேய்க்கவே எட்டரை ஆகிவிடும். பேனா பிடிக்கப் பத்தரை ஆகும். மத்தியானத்துக்கு மேல் அவளைப் பார்க்கிறவர்கள் இவளுக்கா நோய் என்பார்கள், அவ்வளவு சாதாரணமாக நடப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மாத்திரை. அது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்பதால், அம்மையும் காய்ச்சலும் பரவுகிற நாட்களில் கூட்டத்தில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். கண்ணையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் இந்த நோய் வலியே காட்டாமல் கண்ணுக்குள்ளும் போகக்கூடியது.

பள்ளியில் யாரும் அவளை விரட்டவில்லை. தலைமை ஆசிரியை தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், கீழ் தளத்தில் வகுப்பை மாற்றினார், பெஞ்சுக்குப் பதில் முதுகு சாய்கிற நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஆனால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிற பள்ளியில், பத்தரைக்கு மேல் எழுதத் தொடங்குகிற பிள்ளையை எந்த ஆசிரியரால் என்ன செய்துவிட முடியும்? வாரத்தில் நான்கு நாள் போக முடிந்தால் அதிகம். அப்புறம் மூன்றானது, இரண்டானது.

இந்த மாதிரிப் பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தேடினேன். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் பத்தாவது பிரிவு. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் வீட்டுக் கல்வி நம் நாட்டில் ரெண்டுங்கெட்டான் நிலையில் கிடக்கிறது. தடை என்றும் சொல்ல முடியாது, அனுமதி என்றும் சொல்ல முடியாது. 2012இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் கடும் குறைபாடு உள்ள பிள்ளைகளும் விரும்பினால் வீட்டில் இருந்தே கல்வி பெறலாம், அது அவர்கள் உரிமை என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. நம் மாநிலத்திலும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்கு வருகிறார்கள். அவன் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கடும் குறைபாடு என்றால் 80 சதவீதமும் அதற்கு மேலும். மாற்றுத்திறனாளிக்கான பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். என் மகளை மத்தியானம் பார்க்கிற டாக்டர் எத்தனை சதவீதம் போடுவார்? நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுகிற நோயை எந்தச் சதவீதத்தில் அடக்குவது? அவளைப் போலவே முதல் வகைச் சர்க்கரை நோய், சிறுநீரக நோய், தலசீமியா, புற்றுநோய்ச் சிகிச்சை என்று எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள்தான், போகவும் வேண்டும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ போக முடியாமல் போகிற பிள்ளைக்குத்தான் சட்டத்தில் வழி இல்லை. நான் எழுதுவது அந்த நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்காக.

வழி இல்லாத இடத்தில்தான் தனியார் வருகிறார்கள். செல்போனில் விளம்பரம் வந்தது. நகையை அடகு வைத்து வருடக் கட்டணம் கட்டினோம். "சென்ட்ரல் கவர்ன்மென்ட் அங்கீகாரம் உண்டு, டிசி தருவோம், எங்கே வேண்டுமானாலும் சேரலாம்" என்று போனில் பேசியவர் உறுதியாகச் சொன்னார். அடுத்த வருடம் வட்டார வள மையத்தில் இருந்து ஓர் ஆசிரியப் பயிற்றுநர், பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். எந்தப் பள்ளி என்றார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். அதன் யூடைஸ் எண் என்ன என்றார். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் ஒரு யூடைஸ் எண் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இதுதான்: அவர்கள் பள்ளி அல்ல, பாடம் நடத்துகிறவர்கள். பத்தாம் வகுப்பு வரும்போது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பிள்ளையின் பெயரைப் பதிவார்கள். அங்கீகாரம் திறந்தநிலைப் பள்ளிக்கு. இவர்கள் காட்டியது அந்த அங்கீகாரத்தை.

தேசிய திறந்தநிலைப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. 1989இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளியாகத் தொடங்கியது, 2002இல் இப்போதைய பெயர் வந்தது. மத்திய அரசின் கீழ் இயங்குகிற, நாடு முழுக்க மதிக்கப்படுகிற நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஐந்து பாடங்களை ஐந்து வருடத்துக்குள், ஒன்பது வாய்ப்புகளில், முடிந்தபோது முடித்துக்கொள்ளலாம். தமிழிலும் எழுதலாம். ஓர் ஏழைக் குடும்பம் தானே நேரடியாகப் பதிந்துகொள்ளக்கூடிய கட்டணம்தான். அதற்காக ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு தனியாருக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

அந்த ஆன்லைன் வகுப்பில் நல்லது எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஒன்பது மணி வகுப்பின் பதிவை அவள் பதினொரு மணிக்குப் போட்டுப் பார்க்கிறாள். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்கிறாள். தறி ஓடுகிற சத்தத்தில் மைக்கை அணைத்தே வைத்திருக்க வேண்டும், பதில் சொல்லும்போது மட்டும் அவள் அப்பா இரண்டு தறியையும் நிறுத்துவார். வலி அதிகமாக இருக்கிற நாளில் படுத்தபடியே பாடம் கேட்க முடிகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். முடிந்ததும் நம் அரசுப் பாடநூலை எடுத்து, அதே பாடத்தைத் தமிழில் படித்து, பக்க ஓரத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோவைப் பார்க்கிறாள். பணம் கட்டி வாங்கிய பாடம் புரிவதே, பல நாள், நீங்கள் இலவசமாகக் கொடுத்த புத்தகத்தால்தான். தமிழ் வழியில் முழு நேர ஆன்லைன் பள்ளி நடத்தும் தனியார் யாரும் எனக்குத் தட்டுப்படவில்லை. அதில் அவர்களுக்கு லாபம் இருக்காது. அதனால்தான் அரசு செய்ய வேண்டிய வேலை என்கிறேன்.

ஆன்லைனில் எது கெடும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்கப் போவதன் மையமே அதில்தான் இருக்கிறது.

ஏழாம் வகுப்புக் கணக்கில் குறை எண்கள் வரும். வாராவாரம் ஆன்லைனில் தேர்வு வைப்பார்கள், நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். மகள் பத்துக்கு ஏழு, எட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். கேமராவில் தெரிந்தது அவள் முகம். அவள் பேனா அல்ல. நோட்டைக் கேமரா முன்னால் காட்டச் சொன்னால் பாதி மங்கலாகத் தெரியும், டீச்சர் "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். வகுப்பில் அத்தனை பிள்ளைகள் இருக்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவர், சும்மா அவள் கணக்கு நோட்டைப் புரட்டினார். இரண்டு பக்கம் பார்த்தார். "கண்ணு, கழித்தல் ஏழில் இருந்து இன்னும் அஞ்சைக் கழிச்சா எவ்வளவு?" என்றார். மகள் கழித்தல் இரண்டு என்றாள். நோட்டு முழுக்க அதே தப்பு. நான்கு விடையில் பொருந்தாததைத் தள்ளித் தள்ளிச் சரியானதைத் தொட்டுவந்திருக்கிறாள். அக்கா தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்யம் எழுதி, அவளை ஏழு அடி இடப்பக்கம் நிற்கவைத்து, இன்னும் ஐந்து அடி எந்தப் பக்கம் போவாய் என்று கேட்டார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாதக்கணக்காக எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காத தப்பு அது.

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். வகுப்பு ஆன்லைனில் நடக்கட்டும். பிள்ளையின் நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்க, அவள் ஊரிலேயே ஓர் ஆசிரியர் வேண்டும்.

நான் நினைப்பது இப்படி. அரசே ஓர் ஆன்லைன் பள்ளியைத் தொடங்கட்டும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும். அதில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரில் இருக்கிற அரசுப் பள்ளியின் பதிவேட்டில் மாணவராகவே தொடரட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் நீங்கள் கொடுக்கும் அடையாள எண்ணான எமிஸ் எண் மாற வேண்டாம். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, உடம்பு ஒத்துழைக்கிற நேரத்தில், அந்தப் பள்ளிக்குப் பிள்ளை போய் வரட்டும். போக முடியாத மாதத்தில் ஆசிரியர் வீட்டுக்கு வரட்டும். அறிவியல் ஆய்வகம், உயர் தொழில்நுட்ப ஆய்வகம், நூலகம் ஆகியவற்றைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு அவள் பயன்படுத்தட்டும். ஆண்டு விழாவில் அவள் பெயரும் இருக்கட்டும். ஆசிரியருக்கு இது கூடுதல் வேலைதான், அதற்குரிய நேரத்தையும் படியையும் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே பதிவேடு எழுதியும் செயலியில் விவரம் ஏற்றியும் ஓய்ந்துபோனவர்கள் தலையில் இதையும் சும்மா ஏற்றக் கூடாது.

இதற்கான சாமான்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியது, கொரோனா வருவதற்கு முன்பே. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு இருந்தது. மணற்கேணி செயலி 2023இல் வந்தது. தமிழ் வழிப் பிள்ளைக்கு இவ்வளவு பாட வீடியோக்கள் வைத்திருக்கும் தனியார் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கு வெளியே பிள்ளையைத் தேடிப் போவதும் இந்த அரசுக்குப் புதிதல்ல. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், எங்கள் தெருத் திண்ணையில் சாயங்காலம் ஒரு காலேஜ் பெண் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். டெல்லி அரசு 2022 ஆகஸ்டில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆன்லைன் பள்ளி தொடங்கியது. நம்மால் முடியாதா என்ன?

"நோயாளிப் பிள்ளை என்பதால் சரி, ஆனால் கதவைத் திறந்துவிட்டால் எல்லாரும் பிள்ளையை நிறுத்திவிடுவார்களே" என்று நீங்கள் யோசிப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. எனக்கும் உண்டு. கொரோனாவில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பரில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் எங்கள் பக்கம் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போன பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தேன். சிலர் திரும்பவே இல்லை. பதினாறு வயதில் கல்யாணம் முடிந்த பெண்ணும் உண்டு. "ஆன்லைனில் படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்க முடியும், மெஷினில் உட்கார வைக்க முடியும், சொந்த சாதியைத் தவிர வேறு யாருடனும் பழகவிடாமல் வளர்க்க முடியும். பள்ளிக்கூடம் என்பது பாடத்துக்கு மட்டும் இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. அங்கேதான் காமராசர் காலத்தில் மதிய உணவு போட்டார்கள், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கினார், இப்போது காலை உணவும் போடுகிறார்கள். என் மூத்த பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் படிக்கிறான். பள்ளிக்குப் போக முடிகிற பிள்ளை பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால்தான் பதிவு வேண்டும் என்கிறேன். இன்று வீட்டில் இருக்கும் பிள்ளை எதற்காக வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பதிவு இருந்தால் தெரியும். மருத்துவரின் கடிதம் கேளுங்கள், வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் வரும்போது பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையிடம் பேசட்டும். சாப்பிட்டாயா, விளையாடினாயா, சிநேகிதி யார், யாராவது வேலை செய்யச் சொல்கிறார்களா என்று கேட்கட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நான் உள்ளே மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் கூடத்தில் என் மகளிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாத பெற்றோருக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நோய் இல்லாமல், கொள்கைக்காகவே பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கும் நகரத்துப் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதை விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். அவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

இதில் நான் ரொம்பவே வருத்தப்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவை எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகவே கொண்டுவந்த திட்டங்கள். என் மகள் பள்ளியை விட்ட அன்றே இவை எல்லாம் அவளுக்கு இல்லாமல் போய்விட்டன. தறி ஓட்டுகிறவன் மகள், அரசுப் பள்ளியில் சேர்ந்தவள், நோய் வந்ததால் வீட்டுக்கு வந்தவள். குடும்பத்தின் வருமானம் மாறவில்லை, செலவுதான் ஏறியிருக்கிறது. அவளைவிட இந்த உதவி யாருக்குத் தேவை? அரசின் ஆன்லைன் பள்ளியில், ஊர்ப் பள்ளியின் பதிவேட்டிலேயே அவள் தொடர்ந்திருந்தால் இந்த இழப்பு வந்திருக்காது. வீட்டில் இருந்த வருடங்களையும் அரசுப் பள்ளியில் படித்த வருடங்களாகக் கணக்கிட ஓர் அரசாணை போதும்.

பரீட்சைக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நான் சொன்ன திறந்தநிலைப் பள்ளி. இன்னொன்று நம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் முறை. எட்டாம் வகுப்புக்கு பன்னிரண்டரை வயது, பத்தாம் வகுப்புக்கு பதினான்கரை வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்குகிற பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இந்த முறை பெரும்பாலும் தவறியவர்களுக்கும், பாதியில் நின்று பிறகு எழுத வருகிற பெரியவர்களுக்கும் உதவுகிறது, நல்லது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை சோதனைக் குழாயையும் நுண்ணோக்கியையும் முதன்முதலாகப் பரீட்சைக்குச் சில வாரம் முன்னால்தான் தொட வேண்டும் என்பது சரியா? விரல் மடங்காத பிள்ளைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பள்ளி மாணவருக்குத் தலைமை ஆசிரியர் கேட்டு வாங்கித் தருவார். தனித்தேர்வருக்கு அதைக் கேட்டுத் தருபவர் யார்?

சான்றிதழ் செல்லுமா என்ற கவலை வேறு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எழுதலாமா என்ற பிரச்சினை டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2018இல் தீர்ப்பாகி, 2024இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அத்தனை வருடம் பிள்ளைகள் பயந்துகொண்டே படித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு, பாலிடெக்னிக்குக்கு, கல்லூரிக்கு, அரசு வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பதை ஒரே இடத்தில், தமிழில், உங்கள் இணையதளத்தில் போடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அதையே அச்சடித்து ஒட்டுங்கள். எங்களைப் போன்றவர்கள் வக்கீல் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தனியார் ஆன்லைன் நிறுவனங்களுக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். பள்ளி என்ற பெயரில் விளம்பரம் செய்கிறவர்கள், தங்களுக்கு யூடைஸ் எண் உண்டா இல்லையா, பரீட்சையை யார் நடத்துவார், சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்பதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். பாதியில் நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தரவும் சொல்லுங்கள். எங்களுக்குத் தரவில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, பாடநூல். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இலவசப் பாடநூல் கிடைக்க வழி செய்யுங்கள். நாங்கள் போன வருடம் படித்த பிள்ளையிடம் வாங்கிக்கொள்கிறோம். இன்னொன்று விளையாட்டு. நடக்க முடிகிற சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம் இருக்க அனுமதி கொடுங்கள். மூட்டுக்கு அசைவு வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அதைவிட, அவளுக்குப் பிள்ளைகள் வேண்டும். பழைய வகுப்புச் சிநேகிதிகள் இருவர் முதலில் வாரா வாரம் வந்தார்கள், இப்போது அவர்களுக்கு டியூஷன், வருவதில்லை. நாள் முழுக்க அவள் பேசுகிற குரல்களில் முக்கால்வாசி போனில் இருந்து வருகிறவை. அவள் புகார் சொல்வதில்லை. மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் தெருவில் போகும்போது, என்ன படித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாள்.

வருகிற ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். நோய் சற்று அடங்கியிருக்கிறது, அடுத்த வருடம் பாதி நாளாவது பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் நம்பிக்கை சொல்கிறார். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சட்டத்தின் நான்காவது பிரிவு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், என்றாலும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மீதிப் பாதி நாளுக்கு அவள் என்ன ஆவாள்? வராத நாளெல்லாம் ஆப்சென்ட் விழுந்தால் வருகைச் சதவீதம் இல்லாமல் மறுபடி வெளியே நிற்பாள். பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் ஆன்லைனிலும் படித்து, இரண்டுக்கும் வருகை கிடைக்கிற ஒரு வழியை, முழு ஆன்லைன் பள்ளிக்குக் காலம் ஆகும் என்றால் இதையாவது, இந்த ஜூனுக்குள் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்குங்கள். திருப்பூர் மாவட்டத்தில் தொடங்கினால் என் மகள் முதல் ஆளாகச் சேர்வாள்.

இந்த மடலின் நகலைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கும், எங்கள் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் தாருங்கள். முடியும் என்றால் எப்போது முதல் என்றும், முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்றும் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த விதியை மாற்றச் சொல்லி யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.